ஈத்தைக்குள் ஒரு குடித்தனம்

தவளைக்கு நம் தமிழ்நாட்டில் ஒரு நாளும் நல்ல பெயர் இருந்ததில்லை. ஊரை விட்டு வெளியே போகாதவனைக் கிணற்றுத் தவளை என்கிறோம். வேண்டாததைப் பேசிச் சங்கடத்தில் மாட்டிக்கொள்பவனுக்குத் தவளை தன் வாயால் கெட்ட கதையைச் சொல்லுகிறோம். தாமரைக்கு அடியிலேயே வசித்தும் அதன் தேனை அறியாத மூடப் பிராணி என்று புலவர்களும் அதைக் கைவிட்டுவிட்டார்கள். மழை பொய்த்த வருஷங்களில் மட்டும் அதற்குத் திடீரென்று மரியாதை வந்துவிடும். பிடித்து வந்து மஞ்சள் பூசி, மேளம் கொட்டிக் கலியாணம் செய்து வைப்போம். மழை வந்த பிற்பாடு மணமக்கள் என்ன ஆனார்கள் என்று விசாரிப்பார் இல்லை.

இந்த ஏழைப் பிராணியைப் பற்றி இவ்வாரம் எழுத நேர்ந்ததற்கு நம் வகுப்புப் பையன் ஒருவனே காரணம். பாடப் புஸ்தகத்தில் தவளையின் வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்று உண்டு. தண்ணீரில் முட்டை, பிறகு வாலுள்ள தலைப்பிரட்டை, பிறகு கால் முளைத்த தலைப்பிரட்டை, கடைசியில் கரையேறிய தவளை. அதைக் கரும்பலகையில் வரைந்து முடித்தபின், "எல்லாத் தவளைகளும் இப்படியல்ல. நம் பொதிகை மலைச் சாரலிலேயே, ஒரு நாள்கூடத் தலைப்பிரட்டையாக நீந்தாத தவளை ஒன்று இருக்கிறது. அது மூங்கில் குழாய்க்குள் பிறக்கிறது. உலகத்தில் மிகவும் ஆபத்தான நிலையில் இருக்கும் பிராணிகளோடு அதையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள்" என்று சொன்னோம்.

கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஸார், அது அழிஞ்சு போனா யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய மனிதர்கள் மேஜைகளுக்கு முன் உட்கார்ந்து, நாகரிகமான வார்த்தைகளில் நெடுங்காலமாகக் கேட்டு வரும் கேள்வியைத்தான் அந்தப் பையன் ஒளிவு மறைவின்றிக் கேட்டான். மணி அடித்துவிட்டபடியால், "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று தப்பித்துக்கொண்டோம். அன்றிரவு உட்கார்ந்து யோசித்த பதிலை நேயர்களுக்கு முன்னும் வைக்கிறோம்.

முதலில் தவளையின் வரலாறு. இதன் நீளம் ஏறக்குறைய ஓர் அங்குலம். உடல் இளந்தளிரைப் போன்ற பச்சை. தொடைகளில் சாம்பல் கலந்த நீலம். கண்ணில் பொன் தூவியது போன்ற திட்டுக்கள். 1876-ஆம் ஆண்டில், லண்டன் பிரிட்டிஷ் பொருட்காட்சிச் சாலையில் வேலை பார்த்த குந்தர் என்ற ஜெர்மானிய அறிஞர், திருவிதாங்கூர் மலையிலிருந்து சென்ற தவளையின் உடலைப் பரிசோதித்து அதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டினார். 'சலசோடஸ்' என்பது அவர் வைத்த பெயர். ஆலங்கட்டி போன்றது என்று கிரேக்க பாஷையில் அதற்குப் பொருள். முதுகில் சிதறிக் கிடந்த வெண்புள்ளிகளைக் கண்டு அப்படிப் பெயர் வைத்தார் போலும்.

பெயர் வைத்தாகிவிட்டது; தவளையைக் காணோம்! ஒரு வருஷம் இரண்டு வருஷம் அல்ல. 136 வருஷ காலம் அதை உயிரோடு கண்டதாக எந்தச் சாஸ்திரக்ஞரும் எழுதி வைக்கவில்லை. அது பூண்டற்றுப் போயிற்று என்றே பலரும் எண்ணினார்கள். டில்லிப் பல்கலைக்கழகத்து டாக்டர் எஸ். டி. பிஜு அவர்களின் தலைமையில், 'காணாமற் போன இந்தியத் தவளைகளைத் தேடுவோம்' என்று ஓர் இயக்கம் 2010-ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. 2011 பிப்ரவரியில், மறுபடியும் கண்டுபிடிக்கப்பட்ட தவளைகள் சிலவற்றின் பெயர்களை அவர்கள் வெளியிட்டபோது, நம் ஈத்தைத் தவளையும் அதில் இடம் பெற்றிருந்தது.

இந்த இடத்தில் தேசாபிமானமுள்ள நேயர்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. இத்தவளையின் குலப் பெயரை 2010-இல் 'ராவோர்கெஸ்டிஸ்' என்று மாற்றி அமைத்தார்கள். அதன் முற்பகுதியில் நிற்கும் 'ராவ்' யார் தெரியுமா? பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பேராசிரியராயிருந்த ஸி. ஆர். நாராயண ராவ்; 1932-இல் ஆரம்பமான 'கரண்ட் ஸயன்ஸ்' பத்திரிகையின் முதல் ஆசிரியர். தவளை ஆராய்ச்சி வெள்ளைக்காரரின் பொழுதுபோக்காயிருந்த காலத்தில், நம் மலைகளிலேயே அலைந்து நம் தவளைகளை ஆராய்ந்த இந்தியர் அவர். அவர் சேகரித்து வைத்த மாதிரி உடல்கள் பிற்காலத்தில் பாதுகாப்பாரின்றித் தொலைந்து போயின. லண்டனுக்குப் போன தவளை குப்பியில் பத்திரமாயிருக்க, பெங்களூரில் இருந்தவை காணாமற் போனது நமக்குப் பெருமை தரும் விஷயமல்ல. பெயராவது தவளையின் முதுகில் ஏறி நிலைத்ததே என்று ஆறுதல் அடையவேண்டியதுதான்.

பெயர் வைத்தார்கள், தொலைத்தார்கள், கண்டார்கள். ஆயினும் இந்தத் தவளை எங்கே குடியிருக்கிறது, எப்படிக் குஞ்சு பொரிக்கிறது என்பது தெரியாமலே இருந்தது. அதைத் தெரிவித்தது நம் திருநெல்வேலி ஜில்லா. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் ஈரக் காடுகளில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவராயிருந்த சேஷாத்ரி, தம் சகாக்களான குருராஜா, பிக்ஃபோர்ட் ஆகியோருடன் செய்த ஆராய்ச்சி 2015-ஆம் ஆண்டில் அச்சேறியது. இத்தவளை அப்போது, சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரின் பட்டியலில், அழிவுக்கு மிக நெருங்கிய இனங்களின் வரிசையில் இருந்தது.

மலை ஓடைகளின் கரையில் ஈத்தை என்று ஒரு மூங்கில் அடர்ந்து வளரும். கட்டிலுக்கும் ஏணிக்கும் உதவும் பெருமூங்கில் அல்ல. மெல்லிய சுவருள்ள நாணல் மூங்கில். கேரளத்தார் ஈற்றை என்பார்கள். கூடையும் தட்டியும் முடைவதற்கும், குடிசை வேய்வதற்கும் மலைவாசிகள் இதைப் பயன்படுத்துவார்கள். இதன் ஒவ்வொரு கணுவுக்கும் இடையில் ஒரு வெற்றறை இருக்கிறதல்லவா? அந்த அறையே நம் தவளையின் வீடு.

அறைக்கு வாசல் வேண்டாமா? தவளைக்குக் குடைந்து வழி பண்ணும் பல் கிடையாது. பூச்சியோ எலியோ முன்னொரு நாள் கடித்து வைத்த சிறு துவாரம் கணுவின் அடிப்புறத்தில் இருந்தால், அதன் வழியே உடலைச் சுருக்கி உள்ளே நுழைந்துகொள்ளும். துவாரமில்லாத ஈத்தை எத்தனை உயரமாக இருந்தாலும் அதற்குப் பயனில்லை. வெட்டிப் போட்ட ஈத்தையாலும் பயனில்லை. உயிரோடு நிற்கும் ஈத்தை, அதில் ஈரமான அறை, அறைக்குத் தக்க வாசல் ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தால்தான் குடித்தனம் ஆரம்பமாகும்.

பெண் தவளை உள்ளே வந்து சில முட்டைகளை அறையின் சுவரில் இட்டுவிட்டுப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு முட்டைகளுக்குக் காவல் தகப்பன்தான்! பகல் முழுவதும் முட்டைகளோடு இருந்துவிட்டு, அந்தியில் சில மணி நேரம் மட்டும் வெளியே போகும். அதுவும் வயிற்றுப் பாட்டுக்காக என்று கருதுகிறார்கள். குழந்தை அழும் சப்தம் கேட்டால் பத்திரிகையை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொள்ளும் தகப்பன்மார்கள் இதைச் சற்று நிதானமாக வாசிப்பார்களாக. முட்டைக்குள்ளேயே தலைப்பிரட்டைப் பருவம் கழிந்து, கையும் காலும் அமைந்த சின்னஞ்சிறு தவளையாகவே குஞ்சு வெளிவருகிறது. மூங்கில் அறையில் இப்படிக் குடும்பம் நடத்தும் முறை உலகத்தில் வேறெங்கும் அதற்குமுன் அறியப்படாதது. இத்தவளையிடமும், இதன் உறவுக்காரரான இன்னொரு ஈத்தைத் தவளையிடமுமே முதன் முதலாகக் கண்டார்கள்.

தகப்பன் எதற்காக இப்படிக் காவல் இருக்கவேண்டும்? 2018-இல் வெளியான அடுத்த ஆராய்ச்சி இதற்கு விடை அளிக்கிறது. சில அறைகளிலிருந்து தகப்பனை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு என்ன நடக்கிறதென்று பார்த்தார்கள். காவலற்ற முட்டைகள் பெருவாரியாக அழிந்தன. தின்றது பாம்பா, பல்லியா? இல்லை. அதே இனத்தைச் சேர்ந்த அயல்வீட்டு ஆண் தவளைகளே முக்கியமான குற்றவாளிகள். வீடு கிடைப்பது அரிதாயுள்ள இடத்தில் அண்டை வீட்டுச் சண்டை எவ்வளவு கொடியதாகும் என்பதை நகரவாசிகளுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

இவ்வளவும் சொன்னது வேடிக்கைக்காக அல்ல. ஆபத்து எங்கிருந்து வருகிறதென்பது இதிலிருந்தே விளங்கும். இந்தத் தவளையைப் பிடித்துத் தின்பார் இல்லை, விற்பார் இல்லை, சுடுவார் இல்லை. ஆனால் ஓடைக்கரை ஈத்தைப் புதரை ஒருவன் ஒரு காலைப் பொழுதில் அரிவாளால் சாய்த்தால், ஒரு தெரு முழுவதும் இடிந்தாற்போல ஆகிவிடுகிறது. வெட்டுகிறவன் கண்ணுக்கு ஒரு தவளையும் தென்படாது. பாவம் செய்தோம் என்ற எண்ணம்கூட அவனுக்கு வராது. ஈத்தையை யார் வெட்டுகிறார்கள்? கூடை முடைபவர்கள் கொஞ்சம். காகிதக் கூழுக்காக வெட்டப்படுவது கட்டுக் கட்டாக. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈற்றைக் காடுகள் நெடுங்காலம் காகித ஆலைகளுக்கு இரையாகி வந்தன. தவளையைக் காப்போம் என்று நாம் எழுதுவதும் காகிதத்தின்மேல்தான். எனவே வெட்டினவனைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

வெட்டவே கூடாதென்பதும் நம் கட்சியல்ல. பத்தமடையில் கோரையை அறுக்காமலா பாய் முடைகிறார்கள்? அந்தப் பாயால் ஊருக்கே கீர்த்தி. முடைகிறவன் பிழைப்பையும் தவளையின் குடித்தனத்தையும் ஒன்றுக்கொன்று விரோதமாக நிறுத்துவது சோம்பேறிகளின் வழக்கம். ஓடைக்கு இரு பக்கமும் இவ்வளவு தூரத்துக்கு ஈத்தையைத் தொடக்கூடாதென்று வரம்பு கட்டலாம். தொடக்கூடிய இடத்திலும் ஒரே புதரை அடியோடு மொட்டையடிக்காமல் முற்றிய கழிகளில் ஒரு பங்கை நிற்க விடலாம். முட்டையிடும் பருவத்தில் அரிவாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். அந்த நாட்களின் கூலியைச் சர்க்கார் ஈடு செய்யலாம். இதற்கெல்லாம் கோடிக் கணக்கில் பணம் வேண்டாம், கவனம்தான் வேண்டும்.

கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுகிறோம். டான்ஸானியா தேசத்தில் கிஹான்சி என்று ஓர் அருவி. அதன் சாரல் விழும் சில ஏக்கர் நிலத்தில் மட்டும் வசித்த மஞ்சள் நிறத் தேரை ஒன்றை 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அங்கே மின்சாரத்துக்காக அணைகட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அணை வந்தது, அருவி மெலிந்தது, சாரல் ஓய்ந்தது. 2000-ஆம் ஆண்டில் 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்க மிருகக் காட்சிச் சாலைக்கு அனுப்பினார்கள். 2009-இல், சொந்தக் காட்டில் அந்த இனம் இல்லாமற் போய்விட்டது என்று அறிவித்தார்கள். இயற்கை இனாமாகத் தெளித்துவந்த சாரலைக் குழாய் போட்டுத் தெளிக்க ஏற்பாடு செய்து, 2012-இல் அமெரிக்காவில் பிறந்த தேரைகளைக் கொண்டுவந்து மறுபடியும் விட்டார்கள். கண்டுபிடித்த பத்து வருஷத்துக்குள் ஓர் இனம் இருக்கும் இடம் தெரியாமற் போயிற்று. திருப்பிக் கொணர்வதற்கோ கடல் தாண்டிப் போகவேண்டியதாயிற்று.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். தவளை அழிந்தால் யாருக்கு நஷ்டம்?

வயல் தவளையைப் பற்றிக் கேட்டிருந்தால் விடை எளிது. நம் தேசம் ஒரு காலத்தில் தவளைக் கால்களை அயல்நாட்டுச் சாப்பாட்டு மேஜைகளுக்கு டன் கணக்கில் ஏற்றுமதி செய்து வந்தது. வயலில் பூச்சியைத் தின்னும் வேலைக்காரனை விற்றுவிட்டுப் பூச்சி மருந்தை விலைக்கு வாங்குகிறோமே என்ற கிலேசம் பிறந்தது. 1987-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தார்கள். அது லாப நஷ்டக் கணக்கு, யாருக்கும் புரியும்.

ஈத்தைத் தவளை நம் வயலுக்கு வருவதில்லை. அதன் பிரயோஜனம் இத்தனை ரூபாய் என்று கணக்கு எழுத நம்மால் முடியாது. ஆனால் அது குடியிருக்கும் இடத்தைப் பாருங்கள். மலை ஓடையின் கரையில் வேரோடிய ஈத்தைப் புதர், மழையில் மண் கரைந்து போகாமல் பிடித்து வைக்கிறது. அப்படிப்பட்ட ஓடைகள் நூறு கூடித்தான் தாமிரபரணி. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளில் தேங்கி, திருநெல்வேலிச் சீமைக்கும் தூத்துக்குடிச் சீமைக்கும் சோறு போட்டு, புன்னைக்காயலில் கடலைச் சேரும் ஜீவநதி அது. நதிக்குக் கீழே நாம் ஆயிரம் படித்துறை கட்டலாம்; மேலே அது பிறக்கும் வீட்டுக்கு வேலி ஈத்தைதான். தவளைக்கோ தோலே சுவாசக் கருவி. ஈரம் குறைந்தாலும் நீர் கெட்டாலும் முதலில் அறிவது அதுதான். ஆகவே அந்த ஓடைகளில் தவளையின் குரல் கேட்கும் வரையில் நதியின் பிறந்த வீடு சுகமாயிருக்கிறது என்று நாம் நம்பலாம்.

இதுவும் முழுப் பதிலல்ல. உபயோகமில்லாவிட்டால் அழியலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நாம் கல்லூரியில் படித்த காலத்தில், தவளையைப் பலகையில் ஊசி குத்தி வைத்து அறுத்தோம். அதன் இருதயத்துக்கு மூன்று அறை என்று எண்ணக் கற்றுக்கொண்டோம். அது குடியிருக்கும் அறை எங்கே இருக்கிறதென்று நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2014-இல் அந்த அறுவை வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். நாம் அறுத்துக்கொண்டிருந்த அந்நாட்களில், நம் ஊரிலிருந்து ஒரு பகல் பிரயாண தூரத்தில், ஈத்தைக்குள் ஒரு தகப்பன் கண் விழித்துக் காவலிருந்தது. அப்போது யாராவது அந்தப் புதரை வெட்டி அந்த இனம் முற்றும் அழிந்திருந்தால், உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒருவரும் துக்கம் கொண்டாடியிருக்க மாட்டார்கள். தெரியாமல் நேர்ந்த நஷ்டம் நஷ்டமல்ல என்று சொல்லலாமா? எழுதப் படிக்கத் தெரியாதவன் வீட்டில் ஏட்டுச் சுவடி கரையானுக்கு இரையானால், அவனுக்கு நஷ்டம் தெரியாது. ஆனால் நஷ்டம் நஷ்டமே. ஓலைச் சுவடிகளை அப்படி இழந்து பின்னால் வருந்திய தமிழருக்கு இதை விரித்துரைக்க வேண்டுமா?

உலகம் முழுவதிலும் 8,011 தவளை, தேரை முதலிய இனங்களைப் பரிசீலித்து, அவற்றில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அபாயத்தில் இருக்கின்றன என்று 2023-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஐந்தில் இரண்டு சுவடி கரையான் வாயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் எத்தனையை நாம் இன்னும் பிரித்தே பார்க்கவில்லையோ!

நம் மலையில் இது சம்பந்தமாக ஒரு முக்கியமான காலம் நெருங்கி வருகிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தோட்டங்கள் எழுந்தன. குத்தகையின் கெடு 2028-இல் முடிகிறது. 2024-ஆம் ஆண்டிலேயே கம்பெனியார் வேலையை நிறுத்த முற்பட்டார்கள். அந்த நிலம் காடாகப் போகிறதென்றால், மரக் கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு காரியம் தீராது. ஓடைக் கரைகளில் ஈத்தை தானே தழைக்க இடம் விடவேண்டும். பூச்சியும் எலியும் துவாரமிடும் வரை பொறுமையும் வேண்டும். அதோடு இன்னொன்று. தலைமுறை தலைமுறையாக அங்கே தேயிலை பறித்த குடும்பங்களுக்கு வீடும் பிழைப்பும் ஏற்படாமல், தவளைக்கு வீடு கிடைத்தது என்று கொண்டாடுவது தர்மமாகாது. ஓர் அங்குலப் பிராணியின் வாசலைப் பார்க்கத் தெரிந்த தேசம், மனிதரின் வாசலையும் பார்க்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் இவற்றில் பாதியைச் சொன்னோம். கேள்வி கேட்ட பையன் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நம் பதில் அவனுக்குத் திருப்தி அளித்ததா என்று தெரியவில்லை. கடைசியில் எழுந்து, "அப்போ ஸார், ஓட்டை போடுற அந்தப் பூச்சி அழிஞ்சு போனா, தவளைக்கு வீடு ஏது?" என்றான்.

இந்தத் தடவை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை.